பீலியும் கானும் பிரதேச சபையும்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 26, சுற்றாடல் விஞ்ஞானம் படித்தவர். காலநிலை மாற்றத்தை முன்வைத்து அடுத்த உள்ளூராட்சித் தேர்தலில் பிரதேச சபைக்கு நிற்க ஆசையாம். கேள்வி மூன்று. இதைச் சொன்னால் நம்முடைய சனம் ஓட்டுப் போடுமா? போட்டு அனுப்பினாலும் சபையில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும்? கட்சியில் கேட்பதா, சுயேச்சையாகக் கேட்பதா?

நான் 2018 தொடக்கம் 2023 வரை நுவரெலியா மாவட்டத்துச் சபையொன்றில் உறுப்பினராக இருந்தவள். வட்டாரத்தில் தோற்றுப்போய், விகிதாசார ஆசனம் ஒன்றின் வழியாக உள்ளே போனவள். அதனால் இதை வெற்றி பெற்றவளின் அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் கேள்விக்கு என்னுடைய பதில்: ஓட்டுப் போடுவார்கள், ஆனால் அந்தச் சொல்லுக்குப் போட மாட்டார்கள். 2018 தை மாதம் நான் முதன்முதலில் ஓட்டுக் கேட்டுப் போன லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கோடி வீட்டு அம்மாயி ஒருவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து கொழுந்துக் கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் பூமி சூடாவது, பனிமலை உருகுவது என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து, கையைப் பிடித்து லயத்துக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். “நான் வாக்கப்பட்டு வந்தப்ப மாசி மாசத்திலயும் குடத்த வச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள ரொம்பிரும். இப்ப தை பொறந்தா நூலு மாதிரி வருது. மழை காலத்துல செவப்பா வருது. இதத்தான் சொல்றீங்களா?” என்றார். இதைத்தான் சொல்கிறேன் என்றேன். “அப்ப இத எப்பிடிச் சரி பண்ணுவீங்க, அதச் சொல்லுங்க” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பனிமலை பற்றி அரைமணி நேரம் பேசத் தெரிந்த எனக்கு அந்தப் பீலிக்குத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது, அந்த ஊற்று யாருடைய காணியில் இருக்கிறது என்பது தெரியாது. அந்த லயத்தில் எனக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் காலநிலையைப் பற்றி வகுப்பு எடுக்கத் தேவையில்லை. வெயில் நீண்டால் கொழுந்து வராது, கொழுந்து இல்லையென்றால் நிறை வராது, நிறை வராவிட்டால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டுப் பாதிச் சம்பளத்தோடு வருவது அவர்களுக்குக் காலநிலை மாற்றம். பேச்சை அங்கே ஆரம்பியுங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் பக்கத்தில் ‘பசுமை’ என்ற சொல்லுக்குக் கெட்ட பெயர். 2015இல் கிளைபோசேட் களைநாசினியைத் தடை செய்தார்கள். தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் 2018இல் தளர்த்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் மலைகள் புல் மண்டிப்போய், உள்ளே இறங்கினால் அட்டையும் குளவியும் என்று பட்டவர்கள் நம் பெண்கள். பிறகு 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தி, அந்த வருடம் முடிவதற்குள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். அதற்குள் தேயிலை மட்டுமல்ல, நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்களும் விழுந்துவிட்டார்கள். சூழலைக் காப்பாற்றுகிறோம் என்று மேலிருந்து வந்த இரண்டு உத்தரவுக்கும் விலை கொடுத்தது கீழே இருந்தவர்கள். நீங்கள் பச்சை நிறத் துண்டுப்பிரசுரத்தோடு போனால் முதலில் ஞாபகம் வருவது அதுதான். அந்தக் கோபம் நியாயமானது என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

இலங்கை முழுவதும் வெளியேற்றும் கரி வாயுவைக் கூட்டினாலும் உலகக் கணக்கில் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. அப்படியிருக்க, லயத்தில் விறகு எரிக்கும் அம்மாவிடம் போய்ப் புகையைக் குறையுங்கள் என்று சொல்வது அபத்தம். அவர்களுடைய வீட்டுக்கு மேலே இருக்கும் மண் கீழே வராமல் பார்த்துக்கொள்வதுதான் மலையகத்தில் காலநிலை அரசியல். உங்களுடைய கொள்கைப் பிரகடனம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகிறதென்றால் ஏதோ பிழை.

சரி, இரண்டாவது கேள்வி. இதைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு, ஏன், வென்று உள்ளே வந்தவர்களில் பாதிப் பேருக்கே, சபைக்கு என்ன அதிகாரம் என்று தெரியாது. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. நிவாரணப் பொதி, இடம்பெயர்ந்தவர்களின் பதிவு, கிராம உத்தியோகத்தர் எல்லாம் செயலகத்தின் பக்கம். சபையின் பக்கம் இருப்பவை சபைக்குரிய வீதிகள், அவற்றின் வடிகான்கள், மதகுகள், குப்பை, சந்தை, மயானம், பொதுச் சுகாதாரம், சிறிய குடிநீர்த் திட்டங்கள், கட்டடம் கட்ட அனுமதி. சுற்றாடலைப் பெரிதாகக் கெடுக்காத சிறு தொழில்களுக்குரிய சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தை வழங்கும் வேலையையும் மத்திய சுற்றாடல் அதிகார சபை உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது. கேட்பதற்குச் சுவாரசியமில்லாத பட்டியல். ஆனால் ஒரு மலை சரிவதற்கும் சரியாமல் இருப்பதற்கும் இடையில் இருப்பது பல இடங்களில் இந்தச் சுவாரசியமில்லாத சாமான்கள்தான்.

கானை, அதாவது வடிகானை, எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் தேயிலை போட்ட வெள்ளைக்காரர்கள் நல்லவர்களோ கெட்டவர்களோ, தண்ணீரைக் கண்டு பயந்தவர்கள். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, மழைத்தண்ணீரை மெதுவாகப் பக்கத்து ஓடைக்கு இறக்கிவிட்டார்கள். வெட்டியது நம்முடைய தாத்தாமார். கானில் மண் நிறைந்துகொண்டே இருக்கும், அதனால் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். என் அப்பா காலத்தில் கான் வெட்டு என்று தனி வேலையே இருந்தது, ஆண்கள் கும்பலாகப் போவார்கள். இப்போது ஆட்கள் இல்லை, பொடியன்மார் கொழும்புக்குப் போய்விட்டார்கள், நிர்வாகமும் கொழுந்துக்கு ஆள் பிடிப்பதிலேயே குறியாக இருக்கிறது. பல மலைகளில் கான் இருந்த இடமே தெரியாமல் மானாப்புல் மூடிக் கிடக்கிறது. அப்படி அடைபட்ட மலையில் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கும். மண் ஊறி, கனத்து, கீழே இருக்கும் பாறையோடு பிடிமானம் விட்டுப்போகும். மலை சரிவதற்கு இருக்கும் பல காரணங்களில் மனிதக் கையால் திருத்தக்கூடியது இது.

லயத்துக்கு மேலே இருக்கும் கானைச் சபை அள்ளலாமா? இங்கேதான் நம் கதை மற்றக் கிராமத்துக் கதையிலிருந்து பிரிகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்புக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை மட்டும் தோட்டத்தில் வாங்கிக்கொண்டு, ரோட்டைக் கிராமத்தில் போட வேண்டிய நிலை. 2018இல் அதைத் திருத்தினார்கள். இப்போது தோட்ட நிர்வாகத்தோடு கலந்துபேசிச் செலவு செய்ய வழியிருக்கிறது. அதே வருடத் தேர்தலோடு அக்கரப்பத்தனையும் கொட்டகலையும் நுவரெலியா பிரதேச சபையிலிருந்து பிரிந்து தனிச் சபைகளாயின. ஆக, உங்கள் சபைக்கு வயது இன்னும் பத்துக்கூட ஆகவில்லை.

“கலந்துபேசி” என்ற அந்த வார்த்தைக்குள் எவ்வளவு காலம் ஒளிந்திருக்கிறது என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு லயத்துக்கு மேலே சுமார் 60 மீற்றர் நீளக் கானையும் அதன் முடிவில் இடிந்துபோன மதகையும் திருத்தப் பிரேரணை கொண்டுவந்தேன். சபையில் எல்லாரும் கை தூக்கினார்கள். பிறகு செயலாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, “காணி தோட்டத்துடையது, தொரையின் சம்மதக் கடிதம் வேண்டும்” என்றார். தோட்ட முகாமையாளரான தொரையிடம் போனேன். அவர் மறுக்கவில்லை, கொழும்பிலுள்ள கம்பனிக்கு எழுத வேண்டும் என்றார். கம்பனி, காணி அரசாங்கத்தினுடையது, நாங்கள் குத்தகைக்காரர் என்று எழுதியது. கடிதம் வந்து சேர ஏழு மாதம். அதற்குள் அந்த வருடத்து ஒதுக்கீடு முடிந்து, மறுபடி புதிய பிரேரணை. கடைசியில் மதகைக் கட்டினோம். கானை அள்ளியது சபை அல்ல, கோயில் கமிட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் வைத்து அள்ளியது. தேத்தண்ணியும் ரொட்டியும் என்னுடைய செலவு. அந்தச் சிரமதானத்தை முதல் மாதமே வைத்திருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது. ஆனால் மதகுக்குச் சபைதான் வேண்டும், அதையும் சொல்ல வேண்டும்.

கானை அடைப்பது மண் மட்டுமில்லை. லயத்துக் குப்பையை அள்ள டிரக்டர் வருவதில்லை, அல்லது வீதி வரைக்கும்தான் வரும். கோடி வீட்டுக்குப் பக்கத்துச் சரிவில் கொட்டுவார்கள். சொப்பிங் பேக்கும் பம்பர்ஸும் மழையில் உருண்டு போய் நேராகக் கானில் அடைக்கும். குப்பை டிரக்டரை வாரத்துக்கு ஒரு தடவை, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் வரைக்கும் வரவைப்பேன் என்று நீங்கள் சொன்னால் அது சபையால் செய்யக்கூடியது, செலவைக் கணக்குப் போட்டுக் காட்டக்கூடியது. அதைவிட நல்ல காலநிலை வாக்குறுதி எனக்குத் தோன்றவில்லை.

கட்டட அனுமதியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். நடைமுறையில் ரோட்டோரத்தில் மலையை நேராக வெட்டிக் கடை எழும்பும், பிறகு உறுப்பினரைப் பிடித்து அனுமதிக்கு வருவார்கள். அந்த உறுப்பினர் நாளைக்கு நீங்களாக இருக்கலாம், கடைக்காரர் உங்கள் மாமாவாகவும் இருக்கலாம். எனக்கு அப்படி ஒன்று வந்தது. முடியாது என்றேன். அந்தக் குடும்பம் இன்றுவரை என் வீட்டு விசேஷத்துக்கு வருவதில்லை.

எச்சரிக்கை விஷயத்தில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அகற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. சொன்னார்கள், ஆனால் போவதற்கு இடம் கொடுக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். நாடு முழுக்க 600க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுதான் பெரும்பாலும் ஆளைக் கொன்றது. அந்த நாட்களில் ரோடு அடைபட்டு, கரண்ட் போய், போனும் வேலை செய்யாமல் பல தோட்டங்கள் தனித்து நின்றன. கைபேசிக்கு வரும் எச்சரிக்கையை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதனால் மழையை நாமே அளக்க வேண்டும் என்று சொல்கிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு எளிது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்து, மழை விடாவிட்டால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். ஓரங்கள் செங்குத்தாக உள்ள பழைய பால்மா டின் ஒன்று போதும். கூரைத்தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத இடத்தில், கம்பத்தில் கட்டி வையுங்கள். காலை எட்டரைக்குப் பள்ளிக்கூட அடிமட்டத்தை உள்ளே நிறுத்தி மில்லிமீற்றர் பக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் மொனிட்டர் கொப்பியில் இரண்டு வருடம் எழுதினான். முதல் மாதம் சென்ரிமீற்றரில் எழுதிவிட்டான், அது வேறு கதை.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு டின்னில் 118 இருந்தது, மழை விடவில்லை. லயத்துக்குப் பின்னால் சுவரில் பழைய வெடிப்பு ஒன்று இருந்தது, பீலித்தண்ணீரும் அன்று மாலையிலிருந்து கலங்கல். ஊற்று திடீரென்று கலங்குவதும், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவதும், மரம் சாய்வதும், நிலத்தில் வெடிப்பு விழுவதும் மலை தரும் அடையாளங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துச் சொல்லிவிட்டு, ஒன்பது வீட்டு ஆட்களையும் பிள்ளைகளோடு கோயில் மண்டபத்துக்கு ஏற்றினோம். விடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மலை அப்படியே நின்றது. குளிரில் தூங்காத கோபத்தில் இரண்டு மாதம் என்னைப் பார்த்தாலே “மழைக்காரம்மா வாறா” என்று சிரித்தார்கள். முன்னெச்சரிக்கை அரசியலில் இதற்கெல்லாம் பழகிக்கொள்ள வேண்டும். சரியாகச் செய்த வேலை வெளியே தெரியாது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். வீடு, கட்டடங்களுக்கு அறவிடும் சோலைவரி, கடை உரிமக் கட்டணம், மாகாண சபை வழியாக வரும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும். தோட்டக் காணிகளுக்கு ஏக்கர் வரி என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது, அது எவ்வளவு வருகிறது என்று உங்கள் சபையில் விசாரித்துப் பாருங்கள், சிரிப்பு வரும். அதனால் பெரிய தடுப்புச்சுவர் கட்டித் தருவேன் என்று மேடையில் சொல்லாதீர்கள். அது அமைச்சிலிருந்து வர வேண்டிய பணம். எந்த இடத்தில் சுவர் முதலில் தேவை என்று பட்டியல் போட்டுப் பின்தொடர்வது உங்கள் வேலை.

இப்போது மூன்றாவது கேள்வி. சுயேச்சை என்றால் நீங்கள் ஒருவராக நிற்கலாம் என்று நினைக்கிறீர்கள் போல. முடியாது. சுயேச்சைக் குழுவாகத்தான் நிற்க முடியும். சபையிலுள்ள எல்லா வட்டாரத்துக்கும் ஆள் போட்டு, அதற்கு மேல் விகிதாசார ஆசனங்களுக்கான இரண்டாவது பட்டியலும் நிரப்ப வேண்டும். கட்டுப்பணம் கட்சிக்காரருக்கு ஒரு ஆளுக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக்கு 5,000. இருபது முப்பது பேரைச் சேர்த்தால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் வேட்பாளர் பட்டியலில் ஒதுக்கீடு உண்டு. அதற்குரிய பத்திரங்களில் ஒரு சிறு பிழை இருந்தாலும் முழுப் பட்டியலும் போய்விடும். 2025இல் பிறப்புச் சான்றிதழ் உறுதிப்படுத்தப்பட்ட விதம் சரியில்லை என்று பல வேட்புமனுக்களைத் தள்ளி, விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போனது ஞாபகமிருக்கும்.

ஆனால் சுயேச்சைக்கு ஒரு வாசலும் திறந்திருக்கிறது. ஆசனங்களில் 60 சதவீதம் வட்டாரத்திலிருந்தும் 40 சதவீதம் விகிதாசாரப்படியும் வரும். வாக்காளருக்கு ஒரே ஒரு ஓட்டு, விருப்பு வாக்குக் கிடையாது. ஒரு சபையில் 20 ஆசனம், விழுந்த நல்ல ஓட்டு 30,000 என்று வைத்துக்கொள்வோம். சுமாராக 1,500 ஓட்டுக்கு ஓர் ஆசனம். எந்த வட்டாரத்திலும் வெல்லாமல், பத்து வட்டாரத்தில் 150 படி பொறுக்கினாலும் ஒருவர் உள்ளே போகலாம். பீலி வற்றும் தோட்டம், சரிவுக்குக் கீழே இருக்கும் லயம், கிழங்கும் கோவாவும் போட்டு மழையில் இழந்த கிராமம் என்று சிதறிக் கிடக்கும் ஓட்டுக்கு இந்த முறை பொருத்தமானது. யார் அந்த ஒருவர் என்பது மட்டும் ஓட்டு எண்ணிய பிறகு கட்சிச் செயலாளரோ குழுத்தலைவரோ தீர்மானிப்பது. கட்சியில் கேட்டாலும் சுயேச்சையில் கேட்டாலும் இதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். என்னை உள்ளே அனுப்பியது பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீடு. அதற்கு முன் பெயரை மாற்ற நடந்த கூத்தை இங்கே எழுத விரும்பவில்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், உங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கம் பலமாக இருந்தால் அதன் கட்சியில் இடம் கேட்டுப் பாருங்கள். கட்சி உங்கள் வாயைக் கட்டும், உண்மைதான். ஆனால் சங்கத்தின் தோட்டத் தலைவர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த லயத்துக்குள் கால் வைப்பதே கஷ்டம். எந்தப் பக்கம் நின்றாலும் முதலில் அவரைப் போய்ப் பார்த்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அவருக்குக் கான் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும். “என்ஜிஓ பொண்ணு” என்று உங்களுக்குப் பெயர் விழுவதற்கு முன்னால் இதைச் செய்வது நல்லது.

கீழே இருக்கும் சிங்களக் கிராமத்தையும் விட்டுவிடாதீர்கள். மேலே தோட்டத்தில் அரித்த மண் அவர்களுடைய வயலிலும் கால்வாயிலும்தான் போய் விழுகிறது, அதற்கும் கீழே நீர்த்தேக்கங்களில். மகாவலியும் களனியும் நம் மலையில்தான் பிறக்கின்றன. ஒரே ஊற்றில் மேலே நாமும் கீழே அவர்களும் குடிக்கும்போது, அந்த ஊற்றைச் சுற்றி டர்பன்டைன் மரத்தை நடக்கூடாது, இருக்கும் காட்டுத் தொங்கலை வெட்டக்கூடாது என்ற தீர்மானத்துக்கு இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் கை தூக்குவார்கள். என் காலத்தில் அப்படி ஒன்று நிறைவேறியது. முன்மொழிந்தது நான், வழிமொழிந்தது எனக்கு எதிர்க்கட்சி. சிங்களத்தில் கடிதம் வாசிக்கவும் நாலு வார்த்தை பேசவும் பழகிக்கொள்ளுங்கள், கூட்டத்தில் மொழிபெயர்ப்பை நம்பி உட்கார்ந்தால் முடிவு எடுத்த பிறகுதான் விஷயம் விளங்கும்.

செலவு பற்றிச் சுருக்கமாக: 2023இல் வந்த சட்டப்படி தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது, முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவரும் கொடுக்க வேண்டும். ஓட்டுக்காகக் கூரைத் தகரமும் சாராயப் போத்தலும் கொடுப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். மற்றவர்கள் கொடுப்பார்கள். நீங்கள் கொடுக்காமல் தோற்கலாம், அதையும் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

கடைசித் தேர்தல் 2025 மே 6இல் நடந்தது. சபையின் காலம் சாதாரணமாக நான்கு வருடம் என்பதால் அடுத்தது 2029இல் வர வேண்டும். வர வேண்டும் என்கிறேன், ஏனென்றால் 2023 மார்ச்சில் நடக்கவிருந்தது பணமில்லை என்று தள்ளிப்போய், வேட்புமனு கொடுத்தவர்கள் இரண்டு வருடம் காத்திருந்து, கடைசியில் அந்த மனுக்களே இரத்தாகிவிட்டன. ஆகவே தேர்தல் திகதியை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

உறுப்பினராகாமலே இன்றைக்கே செய்யக்கூடியது இரண்டு இருக்கிறது. ஒன்று, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுவது. கடந்த மூன்று வருடத்தில் தோட்டக் குடியிருப்புகளில் வடிகானுக்கும் மதகுக்கும் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது என்று மட்டும் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் மேடையில் வேறு பேச்சே தேவையில்லை. மற்றது, பிரதேச சபைச் சட்டம் சபைக்குள் குழுக்கள் அமைக்கச் சொல்கிறது, அதில் ஒன்று சுற்றாடல் குழு. உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பெரும்பாலான சபைகளில் இதை யாரும் கேட்பதில்லை, அதனால் யாரையும் சேர்ப்பதுமில்லை. நீங்கள் கேளுங்கள். உங்கள் படிப்பையும், டின்னில் அளந்த மழைக்கணக்கு கையில் இருந்தால் அதையும் குறிப்பிட்டுத் தவிசாளருக்கு ஒரு கடிதம், தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. கையில் கொண்டுபோய்க் கொடுக்காமல் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். என்னுடைய முதல் கடிதம் “வந்து சேரவில்லை” என்றுதான் சொன்னார்கள்.